இல்லாத வாசனை

மொட்டை மாடிக்கு யார் வந்தாலும் அவர் முதலில் செத்த செடிகளைத்தான் காட்டுவார். படியேறி வருகிறவர்கள் கிழக்குப் பக்கம் பூத்து நிற்கும் தொட்டிகளை நோக்கித் திரும்புவார்கள். அவர் கையை நீட்டி மறித்து, மேற்குச் சுவரோரம் அழைத்துப் போவார். அங்கே தொட்டிகளில் காய்ந்த குச்சிகள் வரிசையாக நிற்கும்.

"இது கோத்தகிரி. ரெண்டு கோடை தாங்குச்சு. இது சர்ச் கேட்டுல வெட்டுனது, தண்ணியில உப்பு ஏறிச் செத்துது. இது என் தப்பு. மழையில மூடாம விட்டுட்டேன்."

அதற்குப் பிறகுதான் பூக்கள்.

எங்கள் அடுக்ககம் மந்தைவெளியில். மூன்று மாடி, எட்டு வீடு. தொண்ணூறுகளின் நடுவில் குடியிருப்போர் சங்கத்துக்கு நான் பொருளாளர். பொருளாளர் என்று பெயர். தண்ணீர் லாரி வரவில்லை என்றாலும், மோட்டார் எரிந்தாலும், படிக்கட்டில் விளக்கு போனாலும் என் கதவைத்தான் தட்டுவார்கள். செடிகள் வளர்த்த அந்த அம்மாள் மூன்றாவது மாடியில் தனியாக இருந்தார். அரசு ஆஸ்பத்திரி ஒன்றில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர், நாகர்கோவில் பக்கத்துக்காரர். ஓய்வு பெற்ற பிறகும் கட்டடமே அவரை 'சிஸ்டர்' என்றுதான் கூப்பிட்டது. நானும் அப்படியே எழுதுகிறேன்.

தண்ணீர்த் தொட்டியில் எவ்வளவு இருக்கிறது என்று பார்க்க நான் தினமும் மாடிக்குப் போவேன். போகிற போக்கில் அவருடைய பூந்தொட்டிகளை எண்ணுவது வழக்கமாகிவிட்டது. நாற்பதைத் தாண்டியதும் எனக்குக் கவலை வந்தது. ஈர மண்ணின் கனத்தை மாடித் தளம் தாங்குமா? நேரிலேயே கேட்டேன். வேறு யாராக இருந்தாலும் "அதெல்லாம் தாங்கும் சார்" என்றிருப்பார்கள். அவர் தனக்குத் தெரியாது என்றார். இன்ஜினியரைக் கேட்டுச் சொல்லுங்கள், எடுக்கச் சொன்னால் எடுத்துவிடுகிறேன் என்றார். தெரிந்த இன்ஜினியர் ஒருவரை அழைத்து வந்தேன். உத்தரத்துக்கு மேலாக வரும்படி வரிசை மாற்றிவைத்தால் போதும் என்று அவர் சொன்னார். அன்று சாயங்காலமே சிஸ்டர் ஒற்றை ஆளாக எல்லாத் தொட்டிகளையும் நகர்த்தி முடித்துவிட்டார்.

சென்னையில் வாசனை ரோஜா வளர்ப்பது வீண் வேலை என்று முதலில் சொல்கிறவரும் அவர்தான். கடையில் விற்கிற ரோஜா பெரிதாக இருக்கும், நிறம் கண்ணைப் பறிக்கும், மோந்தால் ஒன்றும் இருக்காது. அவருக்கு வேண்டியவை பழைய காலத்து ரோஜாக்கள். மலையூர் பங்களாக்களிலும் சர்ச் வளாகங்களிலும் கல்லறைத் தோட்டங்களிலும் யாரும் கவனிக்காமல் தானே வளர்ந்து நிற்கிறவை. எங்கே போனாலும் இரண்டு குச்சி வெட்டி, ஈரச் செய்தித்தாளில் சுற்றிக் கொண்டுவருவார். அவற்றின் பெயர் அவருக்குத் தெரியாது. கிடைத்த இடம்தான் பெயர்.

குளிரில் வளர்ந்த செடிக்கு இந்த ஊரில் எல்லாமே விரோதம். கிணற்றுத் தண்ணீரில் உப்பு. மத்தியானம் அடிக்கிற கடல்காற்றிலும் உப்பு. அக்னி நட்சத்திரத்தில் இலைக்கு அடியில் செம்பேன் என்கிற பூச்சி வலை பின்னும். ஐப்பசி, கார்த்திகை மழையில் இலை முழுக்கக் கரும்புள்ளி விழும். சில செடிகள் பச்சையாகத் தளதளவென்று நிற்கும். வருஷக்கணக்கில் ஒரு மொட்டு வைக்காது. "இதுக்குக் குளிர் வேணும். நான் எங்க போவ?" என்று அதையும் மேற்கு வரிசைக்கு நகர்த்திவிடுவார். மழைநீரை டிரம்களில் பிடித்து மூடிவைத்து, கோடையில் குவளையால் அளந்து ஊற்றுவார். தொட்டிக்குள் தொட்டி வைத்து இடையில் மணல் நிரப்பி, அந்த மணலைத்தான் நனைப்பார். தண்ணீர்த் தொட்டியின் கிழக்கு நிழல் முழுவதும் அவருடைய ராஜ்யம். காலை வெயில் மட்டும் அங்கே படும்.

இத்தனைக்கும் பலன் தை, மாசியில் சில வாரங்கள். அதுவும் விடிந்து வெயில் ஏறுவதற்குள். பேப்பர் படித்துவிட்டு நிதானமாக மாடிக்கு வருகிறவர்களிடம், "நேரம் போச்சு. இப்ப வெறும் கலருதான், கேட்டியளா" என்பார்.

ஒருநாள் வாட்ச்மேன் வந்து நின்றார். "சார், சிஸ்டர் மேல இன்னாவோ பொதைக்கிது சார். பூனையெல்லாம் மாடிப்படியிலயே குந்திக்கினு கீது."

போய்ப் பார்த்தேன். பட்டினப்பாக்கத்தில் மீன் வாங்கி, தலைகளை உரமாகத் தொட்டி மண்ணில் புதைத்துக்கொண்டிருந்தார். மேல் வீடுகளில் சைவக் குடும்பங்கள் இருக்கின்றன, நாற்றம் வருமே என்றேன்.

"வரும். மூணு வாரம் நாறும். அப்புறம் நாறாது."

நான் கீழே வந்து புகார் சொன்னவர்களிடம் அதையே சொன்னேன். வராது என்று சொல்லியிருந்தால் சண்டை வந்திருக்கும். மூன்று வாரம் என்று கணக்காகச் சொன்னதும் மூக்கைப் பிடித்துக்கொண்டு பொறுத்துக்கொண்டார்கள்.

முதல் மாடியில் பாத்திரக் கடைக்காரர் இருந்தார். கடை தி. நகரில், சொந்த ஊர் திருநெல்வேலி. தெற்கத்திக்காரர் என்ற ஒட்டுதலில் சிஸ்டரை 'அக்கா' என்பார். அவர் பெங்களூரிலிருந்து ஆறு ரோஜாச் செடிகளைப் பூவும் மொட்டுமாகக் காரில் கொண்டுவந்து இறக்கினார். கட்டடமே கூடிப் பார்த்தது. சிஸ்டரும் கூடையோடு அந்தப் பக்கமாக வந்தார்.

"எப்பிடி அக்கா இருக்கு?"

"பூ நல்லாருக்கு. செடி சித்திரை தாண்டாது."

அவர் போன பிறகு கடைக்காரர் என்னிடம் குமுறினார். "கல்யாணத்துக்குப் பத்துப் பொருத்தம் பாப்பாங்க. இந்த அக்காவக் கூப்புட்டா பதினொண்ணாவதா யாரு முதல்ல சாவாங்கன்னும் பாத்துச் சொல்லிருவாங்க போல."

ஆறு செடியும் பங்குனியிலேயே காய்ந்துவிட்டன. சிஸ்டர் அதற்கும் கடைக்காரரிடம் போய், ஒரு மாசம் கூடுதலாகச் சொல்லிவிட்டேன், தப்பு என்னுடையது என்றாராம். அதை ஆறுதலாக எடுத்துக்கொள்வதா கேலியாக எடுத்துக்கொள்வதா என்று தெரியாமல் கடைக்காரர் ஒரு வாரம் திண்டாடினார்.

இதனால் கட்டடத்தில் ஒரு பழக்கம் வந்தது. யாரும் தங்களுக்குப் பிரியமான எதையும் சிஸ்டர் கண்ணில் படும்படி வைப்பதில்லை. துளசி மாடம், புதுச் சோபா, பிள்ளையின் மார்க் ஷீட், எல்லாம்தான். அவர் கெட்டவர் என்று யாரும் நினைக்கவில்லை. ஊசி போட வேண்டுமென்றாலும் காய்ச்சல் என்றாலும் முதலில் அவரைத்தான் கூப்பிடுவார்கள். ஆனால் அபிப்பிராயம் கேட்க மாட்டார்கள். அவரும் கேட்காமல் யார் வீட்டுக்குள்ளும் வர மாட்டார். நாங்களும் இரண்டாவது மாடியில் எங்கள் பால்கனிக்கு மூங்கில் தட்டி வாங்கி மாட்டினோம். வெயிலுக்காக என்று வெளியே சொன்னோம். உள்ளே என் மனைவியின் ரோஜாச் செடி இருந்தது.

அது அவளுடைய அக்கா கொடுத்தது. பெங்களூரில் இருந்தவர். ஒரு பகல் ரயிலில் தொட்டியை மடியில் வைத்துக்கொண்டு அதைச் சென்னைக்குக் கொண்டுவந்தோம். இளஞ்சிவப்பு, இதழ் நிறைய, கிட்டப் போனாலே பன்னீர் தெளித்த மாதிரி இருக்கும் என்று எல்லோரும் சொன்னார்கள். சொன்னார்கள் என்று எழுதக் காரணம் உண்டு. எனக்கு மூக்குப்பொடிப் பழக்கம். என் மூக்குக்குப் பெருங்காயமே பாதிதான் எட்டும். அடுத்த வருஷம் அந்த அக்கா இறந்துபோனார். அந்தக் கோடையில் செடியும் வாடியது. இலையெல்லாம் உதிர்ந்து, மழை வந்த பிறகு அடியிலிருந்து புதிதாகத் துளிர்த்து, முன்பைவிட உயரமாக வளர்ந்தது. என் மனைவி அந்தத் துளிரைப் பார்த்த அன்று வெகுநேரம் பால்கனியிலேயே நின்றிருந்தாள்.

அந்த வருஷ மார்கழியில் அவளுக்கு விஷக்காய்ச்சல் வந்தது. காய்ச்சல் விட்ட பிறகும் ஜலதோஷம் விடவில்லை. ஒருநாள் பால் பொங்கி அடுப்பில் தீய்ந்து, வீடு முழுக்கப் புகை. அவள் பக்கத்திலேயே கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள், தெரியவில்லை. மூக்கு டாக்டரிடம் அழைத்துப் போனேன். சிலருக்கு இப்படி ஆகும், மெல்ல வரும் என்றார். வந்தது. முதலில் காபி, பிறகு பெருங்காயம், பிறகு கற்பூரம். தை பிறந்தபோது செடி பூத்தது, கொத்துக்கொத்தாக. அவள் குனிந்து மோந்து பார்த்தாள். நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்.

"ஒண்ணுமே வரலங்க."

நான் மோந்து பார்த்து, நன்றாக மணக்கிறதே என்றேன். ரோஜா என்றால் மணக்கும் என்பதைத் தவிர எனக்கு வேறு ஆதாரம் இல்லை. எதிர்வீட்டு அம்மாள் வந்து பார்த்து, அடடா என்ன வாசனை என்றாள். கடைக்காரரின் மனைவியும் அப்படியே சொன்னாள். எல்லோருக்கும் அது அக்கா கொடுத்த செடி என்று தெரியும். குறை சொல்ல யாருக்கும் மனம் வரவில்லை. பூ கொஞ்சம் சிறுத்திருக்கிறது, நிறமும் வெளுத்திருக்கிறது என்று ஒருத்தி சொன்னபோதும், மெட்ராஸ் வெயில் அப்படி என்று நாங்களே பதில் சொன்னோம்.

இத்தனை பேருக்கு வருகிற வாசனை தனக்கு மட்டும் வரவில்லை என்றால்? அவள் தன் மூக்கை நம்புவதை விட்டுவிட்டாள். காபி மணப்பதுகூட வெறும் ஞாபகத்தில் வருகிறதோ என்றாள். அங்கிருந்து எண்ணம் நேராக காஸ் சிலிண்டருக்குப் போனது. கசிந்தால் தெரியாதே. அடுப்பைப் பற்றவைக்க நான் பக்கத்தில் நிற்க வேண்டும். ரெகுலேட்டரை மூடியாகிவிட்டதா என்று நான் பார்த்த பிறகு அவளும் பார்ப்பாள், மறுபடி என்னைப் பார்க்கச் சொல்வாள். நான் பாங்குக்குப் போனால் அவளும் வீட்டைப் பூட்டிக்கொண்டு கீழே இறங்கி, நான் வரும்வரை வாட்ச்மேன் நாற்காலியில் உட்கார்ந்திருப்பாள். ஐம்பத்தைந்து வயதுப் பெண்மணி, முப்பது வருஷம் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியாராக இருந்தவள், தன் வீட்டுக்குள் தனியாக இருக்கப் பயந்தாள்.

மாசி மாதம் ஒரு காலையில் சொன்னாள்: "சிஸ்டரக் கூப்பிடுங்க."

எதற்கு என்றேன்.

"அவங்க ஒருத்தர்தான் மனசுக்காகப் பேச மாட்டாங்க. எனக்கு மூக்கு போச்சுன்னா போச்சுன்னு சொல்லட்டும். தெரிஞ்சுட்டுப் போறேன்."

எனக்கு விருப்பமில்லை. இனி வராது என்று அந்த அம்மாள் ஒரே வார்த்தையில் முடித்துவிட்டால் இவள் என்ன ஆவாள்? இரண்டு நாள் சாக்குச் சொல்லித் தள்ளினேன். மூன்றாம் நாள் அவளே படியேறக் கிளம்பவும், நான் முந்திக்கொண்டு மாடிக்குப் போனேன். சிஸ்டர் செம்பேனுக்காக இலைகளின் அடிப்பக்கத்தைக் கழுவிக்கொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னேன். சொல்லிவிட்டு, கொஞ்சம் பார்த்துப் பக்குவமாகச் சொல்லுங்கள், பயந்த சுபாவம் என்றேன்.

"பாத்துட்டுத்தான் சொல்லுவேன்" என்றார். "பாக்காம ஒண்ணும் சொல்ல மாட்டேன்."

என் பேச்சின் முதல் பாதிக்கு மட்டும்தான் பதில் கிடைத்தது.

வந்தார். மூங்கில் தட்டியைச் சுருட்டிக் கட்டினார். கண்ணாடியைக் கழற்றி என் கையில் கொடுத்துவிட்டு ஒரு பூவை மோந்தார். இன்னொன்றை மோந்தார். மூன்றாவது பூவின் இதழைப் பிய்த்துக் கசக்கி மோந்தார். நான் அவர் முகத்தைப் பார்க்காமல் பால்கனிக் கம்பிகளை எண்ணிக்கொண்டிருந்தேன்.

"இதுல வாசனை இல்ல."

"எனக்கு இல்லியா?" என்றாள் என் மனைவி.

"ஒங்க மூக்க அப்புறம் பாப்போம். இந்தப் பூவுல இல்ல. இருந்தாத்தான வரும்?"

நான் குறுக்கிட்டேன். போன வருஷம் இதே செடி ஊரையே தூக்கியதே என்றேன்.

"அது இந்தச் செடி இல்ல, சார்."

குனிந்து தொட்டியின் மேல்மண்ணை விரலால் விலக்கினார். தண்டின் அடியில் முடிச்சு மாதிரி ஒரு புடைப்பு இருந்தது. அதற்கு மேலே கட்டைவிரல் நீளத்துக்கு ஒரு குச்சி, கறுத்துக் காய்ந்து, சுற்றி வளர்ந்த பச்சையில் மறைந்து நின்றது. இப்போது பூத்திருக்கிற கிளைகள் அத்தனையும் அந்தப் புடைப்புக்குக் கீழேயிருந்து வந்திருந்தன. அவர் சொன்னது இதுதான். இது ஒட்டுச்செடி. வாசனை ரோஜாவின் மொட்டை எடுத்து, முரட்டு ஜாதி ரோஜா ஒன்றின் தண்டில் ஒட்டியிருக்கிறார்கள். மேலே இருந்தது கோடையில் கருகிவிட்டது. கீழே காலாக இருந்தது தலையெடுத்து வளர்ந்துவிட்டது. வெயிலும் உப்பும் அதற்கு ஒரு பொருட்டில்லை. வாசனை மட்டும் கிடையாது. ஒரு காம்பைக் கிள்ளி என்னிடம் கொடுத்து, இலையை எண்ணச் சொன்னார். ஏழு. முன்னே எத்தனை இருந்தது என்று கேட்டார். எங்கள் வீட்டில் ஸ்பூன் எத்தனை என்று என்னால் தூக்கத்தில் சொல்ல முடியும். இது தெரியவில்லை.

"அஞ்சு" என்றாள் என் மனைவி. "அஞ்சுதான் இருந்துச்சு." பிறகு கேட்டாள்: "அப்ப அக்கா குடுத்தது?"

"செத்தாச்சு. போன வைகாசியிலயே செத்திருக்கும்."

அவள் குனிந்து அந்தக் கறுத்த குச்சியைத் தொட்டாள். இலேசாகத்தான் தொட்டாள், அது கையோடு வந்துவிட்டது. அதை வைத்துக்கொண்டு அப்படியே நின்றாள். நான் சிஸ்டரை முறைத்தேன். இந்த மாதிரி செய்தியைச் சொல்கிறவர்கள் பெரும்பாலும் சொன்ன கையோடு நகர்ந்துவிடுவார்கள். அல்லது நான்கு ஆறுதல் வார்த்தை சொல்லி நம் வாயை அடைப்பார்கள். அவர் இரண்டும் செய்யவில்லை. என் மனைவியின் தோளோடு தோள் படுகிற தூரத்தில் நின்றுகொண்டிருந்தார். எத்தனை கட்டில்களுக்குப் பக்கத்தில் அப்படி நின்றிருப்பார் என்று எனக்கு அப்போதுதான் தோன்றியது. அவள் கண்ணைத் துடைத்துக்கொள்கிற வரை நின்றார்.

பிறகு அவளை உள்ளே நாற்காலியில் உட்கார்த்தி, கண்ணை மூடச் சொன்னார். அடுக்களைக்குப் போய் டப்பாக்களைத் திறக்கும் சத்தம் கேட்டது. ஒவ்வொன்றாகக் கையில் எடுத்துவந்து அவள் மூக்குக்குக் கீழே பிடித்தார்.

"காபித்தூள்."

"ம்."

"சீரகம். இல்ல, சோம்பு."

"சோம்புதான்."

அடுத்ததாக வெறும் கையைப் பிடித்தார். அவள் ரொம்ப நேரம் எடுத்துக்கொண்டாள். நெற்றியில் கோடு விழுந்தது.

"ஒண்ணும் தெரியல."

"ஒண்ணும் வைக்கல" என்றார் சிஸ்டர்.

கடைசியாக மாடிக்குப் போய் ஒரு பூவோடு வந்தார். சிறிய, கசங்கிய மாதிரி தோற்றமுள்ள சிவப்புப் பூ; கடையில் யாரும் வாங்க மாட்டார்கள். அவள் முகத்துக்கு ஒரு முழம் முன்னால் வரும்போதே என் மனைவியின் தலை நிமிர்ந்தது.

"பன்னீர்" என்றாள். கொஞ்சம் பொறுத்து, "அடியில கிராம்பு மாதிரி ஒண்ணு."

"கல்லறையில வெட்டுனது" என்றார் சிஸ்டர். "அந்தக் கிராம்பு எனக்குத் தெரிய ஒரு வருஷம் ஆச்சு."

போகும்போது வாசலில் அவரிடம் நன்றி சொன்னேன். அதை அவர் காதில் வாங்கினாரா தெரியவில்லை. பால்கனிச் செடியைக் காட்டி, பிடுங்க வேண்டாம், உறுதியான செடி, வாசனை இல்லை அவ்வளவுதான் என்றார். பிறகு என்னைத் தாண்டி உள்ளே பார்த்து, என் மனைவியிடம் ஒரு விஷயம் கேட்டார்.

"வார்டுல ஒரு மருந்து குடுக்கணும்னா ரெண்டு பேரு பாப்போம். ஒருத்தி பாத்தா பத்தாது. மாடியில புதுசா வேர் பிடிச்சதுல ஒம்பது செடி மொட்டு வச்சிருக்கு. எது வாசனை, எது இல்லன்னு நானே பாத்து நானே சொல்லிட்டு இருக்கேன். காலைல நீங்க வந்து மோந்து சொல்லுவியளா?"

"நானா?" என்றாள் அவள். "என் மூக்கை நம்பியா?"

"இத்தன வீட்டுல, இல்லாத வாசனைய இல்லன்னு சொன்னது நீங்க ஒருத்தர்தான்."

மறுநாள் காலை பேப்பர் வருவதற்கு முன்பே அவள் எழுந்துவிட்டாள். அடுப்படியில் வெளிச்சம் தெரிந்தது. பற்றவைக்க என்னைக் கூப்பிடுவாள் என்று போர்வையை விலக்கிக்கொண்டு காத்திருந்தேன். கூப்பிடவில்லை. நான் எழுந்து போனபோது குக்கர் ஏற்கெனவே அடுப்பில் இருந்தது. அவள் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தாள்.

"மேல போய்ட்டு வரேன். விசில் வந்ததும் அணைச்சுடுங்க."

கதவைத் திறந்துபோட்டே போனாள். நான் அடுக்களையில் நின்றேன். மாடிக் கதவின் தாழ்ப்பாள் விலகும் ஓசை படிக்கட்டு வழியாகக் கேட்டது. பிறகு அவர்கள் இருவரின் குரல். பூக்களை ஒவ்வொன்றாகப் பார்க்கிறார்கள் போலிருந்தது. இரண்டு மூன்றுக்கு என் மனைவி ஏதோ சொன்னாள், சிஸ்டர் ஆமோதித்தார். ஒன்றில் மட்டும் பேச்சு நின்றது. இதில் லேசாக எலுமிச்சை வருகிறதே என்று சிஸ்டர் சொல்வது கேட்டது. எலுமிச்சை வருமென்று அவர் காத்திருந்தது ஒரே செடிக்குத்தான்; அது அவர் மலையேறிக் கொண்டுவந்து, இரண்டு மழைக்காலம் குடை பிடித்துக் காப்பாற்றிய செடி என்று எனக்குத் தெரியும். என் மனைவி மறுபடி மோந்து பார்த்திருக்க வேண்டும்.

"இல்ல சிஸ்டர்" என்றாள். "ஒண்ணும் இல்ல."

பிறகு, கனமான ஒரு தொட்டியைத் தரையோடு தரையாக மேற்குப் பக்கம் இழுத்துக்கொண்டு போவது கேட்டது.